கையாடலுக்கு முன்பே வந்துவிடும் நியாயம்

அலுவலகப் பணத்தைக் கையாடிப் பிடிபட்டவர்கள் சொல்லும் விளக்கங்களை, மாட்டிக்கொண்ட பிறகு தேடிப்பிடித்த சாக்குகள் என்றே பலரும் நினைக்கிறோம். அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி, சிறையில் இருந்த கையாடல்காரர்களிடம் விரிவாகப் பேசி 1953-இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறானது. நியாயம் முதலில் தயாராகிறது. பணத்தில் கை வைப்பது அதற்குப் பிறகுதான். வெளியே சொல்ல முடியாத ஒரு பணநெருக்கடி, அதை ஓசையில்லாமல் தீர்த்துக்கொள்ள வாய்ப்புத் தரும் பதவி, 'நான் திருடன் இல்லை' என்று தன்னையே நம்பவைக்கும் ஒரு வாக்கியம். இம்மூன்றும் ஒருசேர அமைய வேண்டும் என்றார் அவர்.

அந்த வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: "கைமாற்றாகத்தான் எடுக்கிறேன், திருப்பி வைத்துவிடுவேன்."

இதைச் சொல்பவர் பொய் சொல்வதாகவே உணர்வதில்லை. வாடிக்கையாளர் ஒருவர் கட்டிய 10,000-ஐ வசூல் எழுத்தர் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவரின் கணக்கில் பாக்கி தெரியக் கூடாது. ஆகவே மறுநாள் இரண்டாமவர் கட்டும் 12,000-இல் 10,000-ஐ முதலாமவர் பெயரில் வரவு வைக்கிறார். இப்போது பள்ளம் இரண்டாமவர் கணக்கில். அதை நிரப்ப மூன்றாமவரின் பணம் வரவேண்டும். தணிக்கையாளர்கள் இதை 'லேப்பிங்' என்பார்கள். யார் பணம் யார் கணக்கில் ஏறியது என்பதை நினைவில் வைக்க அவர் தனியாக ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்குவார். கையில் காசு புரளும்போது கொஞ்சம் திருப்பியும் வைப்பார். அந்தக் குறிப்பேடும் அந்தச் சிறு தொகையும், இது கடன்தான் என்பதற்கு அவர் தனக்குத்தானே காட்டிக்கொள்ளும் சான்று. பள்ளம் திருப்பிக் கட்ட முடியாத அளவுக்கு வளர்ந்த பிறகே அந்த நம்பிக்கை உடைகிறது.

வேறு வாக்கியங்களும் உண்டு. இளம் குற்றவாளிகள் சொல்லும் நியாயங்களை அமெரிக்கச் சமூகவியலாளர்கள் சைக்ஸ், மாட்சா இருவரும் 1957-இல் வகுத்த ஐந்து வகைகள் பண மோசடிக்கும் அப்படியே பொருந்துகின்றன: "மேலிடம் சொன்னதைச் செய்தேன்", "இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு நட்டமா?", "என் உழைப்பைச் சுரண்டியவர்கள்தானே", "அவர்கள் மட்டும் யோக்கியமா?", "நிறுவனத்தைக் காப்பாற்றத்தான் செய்தேன்".

கணக்கைப் பொய்யாக மாற்றி எழுதும் உயரதிகாரிகளிடம் கடைசி வகையைக் காணலாம். மிக ஆபத்தானதும் அதுதான் என்பேன். தன் பைக்கு எதுவும் போகவில்லை என்பதால் மனம் உறுத்துவதற்கு இடமே இல்லாமல் போகிறது. சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7-இல் எழுதிய கடிதத்தில், உண்மை லாபத்துக்கும் கணக்கில் காட்டியதற்கும் சிறு இடைவெளியாகத் தொடங்கியது ஆண்டுக்கு ஆண்டு பெருகியது என்றார். நிறுவனத்திலிருந்து தான் ஆதாயம் எடுக்கவில்லை என்றும் எழுதினார். இல்லாத வங்கி இருப்பு மட்டும் 5,040 கோடி ரூபாய்.

சிறிது எப்படிப் பெரிதாகிறது? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016-இல் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். தன்னலத்துக்காகப் பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல, உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் எதிர்வினை குறைந்துகொண்டே வந்தது. அந்தச் சரிவு எவ்வளவு பெரிதோ, அடுத்த பொய்யும் அவ்வளவு பெரிதாக இருந்தது.

ஆகவே 'நேர்மையாக இருங்கள்' என்ற சுற்றறிக்கையால் பயன் குறைவு. படிப்பவர் தன்னை நேர்மையானவராகவே எண்ணியிருக்கிறார். படிவத்தின் அடியில் போடும் கையெழுத்தை மேலே போடவைத்தால் பொய் குறையும் என்று 2012-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை சொன்னது. பல நிறுவனங்களை ஈர்த்த அந்தக் கட்டுரை, தரவுகள் நம்பத்தகாதவை என்று தெரிந்ததால் 2021-இல் திரும்பப் பெறப்பட்டது.

அலுவலக விதி, 'கைமாற்றாகத்தான்' என்ற அந்த வாக்கியத்தையே குறிவைக்க வேண்டும்: "திருப்பி வைக்கும் எண்ணத்தோடு ஒரு நாளுக்கு எடுத்தாலும் கையாடலே." வெட்கப்படாமல் சம்பள முன்பணம் கேட்க வழி இருந்தால் நெருக்கடி ரகசியமாகப் புழுங்காது. பணம் வாங்குபவரே பேரேட்டில் வரவு வைக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து இரண்டு வாரம் கட்டாய விடுப்பு கொடுத்து, அந்த வேலையை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். லேப்பிங் செய்பவரால் ஒரு நாள்கூட நாற்காலியை விட்டு நகர முடியாது. அவர் இல்லாத முதல் வாரத்திலேயே, கட்டிய பணத்துக்கு ஏன் பாக்கி காட்டுகிறீர்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.