84 அந்தப் பக்கமே இருந்தால் என்ன?

பொகவந்தலாவையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "சேர், இருபடிச் சமன்பாடு என்றாலே எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவந்து, வலப்பக்கம் பூச்சியம் போடச் சொல்கிறார்கள். ஏன்?" என் காலத்தில் இதற்குக் கிடைத்த பதில், "அப்படித்தான் போடணும், எழுது."

லீக்ஸ் நட ஒரு பாத்தி வெட்டுகிறோம். நீளம் அகலத்தைவிட 5 மீற்றர் கூட. பரப்பளவு 84 சதுர மீற்றர். புத்தகத்து எக்ஸை விட்டுவிட்டு அகலத்தை அ என்போம்.

அ(அ + 5) = 84

விரித்து, இரு பக்கமும் 84ஐக் கழித்தால்:

அ² + 5அ − 84 = 0

இதுதான் நியம வடிவம். அ²இன் குணகம் (அதன் முன்னால் நிற்கும் எண்) பூச்சியமாகக் கூடாது. பூச்சியமாகிவிட்டால் அது இருபடியே இல்லை. ("பக்கம் மாறினால் குறி மாறும்" என்று மந்திரம் போலச் சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிக்காது. எந்த எண்ணும் எங்கும் தாவவில்லை, இரு பக்கமும் ஒரே அளவு கழித்தோம், அவ்வளவுதான்.)

சரி, பூச்சியத்துக்கு வருவோம். இரண்டு எண்களைப் பெருக்கினால் 84 என்கிறேன். எவை அவை? 7, 12 ஆகலாம். 6, 14 ஆகலாம். அரையும் 168உம்கூட ஆகலாம். ஏதாவது ஓர் எண்ணைப் பிடிக்க முடிகிறதா? இப்போது பெருக்கினால் பூச்சியம் என்கிறேன். இரண்டில் ஒன்று பூச்சியமாக இருந்தே தீரவேண்டும், தப்ப வழியில்லை! வேறெந்த எண்ணுக்கும் இந்தக் குணம் கிடையாது. அதனால்தான் காரணிப்படுத்தி

(அ + 12)(அ − 7) = 0

என்று எழுதியதுமே சமன்பாடு இரண்டாக உடைகிறது: அ = 7, இல்லாவிட்டால் அ = −12.

84ஐ அங்கேயே விட்டவர்களும் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மி, "வர்க்கமும் பத்து மூலமும் சேர்ந்து 39" (நம் எழுத்தில் அ² + 10அ = 39) என்ற மாதிரிதான் எழுதினார். சதுரம் வரைந்து விடையும் கண்டார். மறை எண்களை (−12 போலப் பூச்சியத்திலும் சிறியவற்றை) அவர் ஏற்காததால் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வழி சொல்லவேண்டி வந்தது. பூச்சியத்துக்கும் மறை எண்களுக்கும் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628இலேயே விதி எழுதியிருந்தார். ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே பக்கம் குவித்துப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தும் வழக்கத்தை, ஆங்கிலேயரான தோமஸ் ஹரியட்டின் நூலில் பார்க்க 1631 ஆகிவிட்டது. இதையெல்லாம் வகுப்பில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். சொல்லாமலே, பிள்ளைக்குக் கணக்கு வராதது தலையெழுத்து என்கிறோம்.

−12ஐ என்ன செய்வது? அகலம் மறை எண்ணாகாது, வெட்டிவிடு என்பார்கள். வெட்டுமுன் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அகலம் −12 என்றால் நீளம் −12 + 5, அதாவது −7. இரண்டையும் பெருக்கினால் 84. அதே பாத்திதான், திரும்பிக் கிடக்கிறது.