பச்சை உடும்பு ஈரல்: ஒரு மருத்துவரின் வேண்டுகோள்

சென்ற வாரம் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித்தோப்பு ஒன்றிலிருந்து ஓர் இளைஞரைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். தலைவலி தாளாமல் கட்டில் கம்பியை இரு கைகளாலும் பற்றியிருந்தார். போர்வை உரசினாலே கால் எரிகிறது என்றார். முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரில், அங்கே இருக்கக்கூடாத ஈசினோஃபில் என்னும் ஒருவகை வெள்ளை அணுக்கள் நிறைந்திருந்தன. "உடும்பு சாப்பிட்டீர்களா?" என்று கேட்டேன். தாயார்தான் தயங்கிச் சொன்னார்: "இடுப்பு வலி போயிடும், பலம் வரும்னாங்க சார். பச்சை ஈரலைப் பிராந்தியில போட்டுக் குடுத்தாங்க. பத்து நாள் இருக்கும்."

இதே பதிலை இன்னும் எத்தனை பேரிடம் கேட்க வேண்டுமோ தெரியவில்லை.

உடும்பு பற்றினால் விடாது என்பது உண்மைதான். அந்தப் பிடி அதன் வளைந்த நகங்களிலும் கால் தசையிலும் இருக்கிறது. ஈரலைத் தின்றவருக்கு அது எவ்வழியாக வந்து சேரும்? வயிற்றுக்குள் போகும் எந்தப் புரதமும் செரித்து உடைந்து, முட்டைப் புரதத்தைப் போலவேதான் உடலில் சேர்கிறது. உடும்பின் ரத்தம் நம் ரத்தமாக மாறுவதில்லை. அதன் கொழுப்பு இடுப்பைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்வதுமில்லை. ஆனால் பச்சை ஈரலில் உயிரோடிருக்கும் புழுக்குஞ்சு செரிமானத்துக்குத் தப்பி மூளை வரை போகும். எலியின் நுரையீரலில் வாழும் புழு அது. நத்தை வழியாக உடும்புக்கு வருகிறது. பிராந்தியில் போட்டால் செத்துவிடும் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம்.

இருளர் குடும்பங்களில் வயல் எலியைக்கூட நெருப்பில் வாட்டித்தான் உண்கிறார்கள். பச்சையாக விழுங்கிவிட்டு என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைகள்.

வேகவைத்தால் போதுமே என்பீர்கள். அறுப்பவரின் கையை எந்த அடுப்பும் காப்பாற்றாது. 1996-இல் ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு மழைக்காட்டுக் கிராமம் ஒன்றில், செத்துக் கிடந்த சிம்பன்சியை அறுத்தவர்களை எபோலா என்னும் கொடிய வைரஸ் நோய் தாக்கியது. அந்தக் காட்டு மக்களுக்குக் காட்டுக் கறியை விட்டால் புரதத்துக்கு வழி குறைவு. கடலூர் மாவட்டத்தில் மீனும் முட்டையும் கிடைக்காத ஊர் எது?

ஆகவே பச்சை ஈரல், பச்சை ரத்தம் எதையும் தொடாதீர்கள். தானாகச் செத்த பிராணியை அறுக்காதீர்கள். உடும்பைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டு, ஓரிரு வாரத்தில் கடும் தலைவலி வந்தால், கடையில் பூச்சி மாத்திரை வாங்கி விழுங்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வழக்குக்கு அஞ்சி எங்களிடம் மட்டும் மறைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. அந்தத் தாயார் வாய் திறக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் பிள்ளை வலியில் துடித்துக்கொண்டிருந்தார்.