பாட்டிலுக்குள் வளர்ந்த நாற்று ஏன் சாய்கிறது?

பழைய தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, அதற்குள் தக்காளி நாற்று வளர்த்திருக்கிறார் ஒரு வாசகர். உள்ளே இருந்தவரை நிமிர்ந்து நின்றதாம். பாட்டிலை எடுத்ததும், இலை வாடாமலே தண்டு மட்டும் சாய்ந்துவிட்டதாம். ஏன் என்று கேட்கிறார்.

பாட்டில் என்ன செய்கிறது என்பது தெரிந்த கதைதான். வெயில் மண்ணைச் சூடாக்கும், மண் காற்றைச் சூடாக்கும், அந்தக் காற்று மேலே எழுந்து தப்பிக்க முடியாது. ஈரமும் உள்ளேயே தங்கும். நத்தை அண்டாது. புழுக்கம் கூடினால் நாற்றழுகல் நோய் வரும் என்பதால் பாட்டிலின் மூடியைக் கழற்றி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் பாட்டில் காற்றையும் தடுத்துவிடுகிறது. காற்றில் ஆடாத செடிக்குத் தான் எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்பதே தெரியாது.

இது தற்செயலாகத்தான் பிடிபட்டது. ஜேனட் பிராம், ரொனால்ட் டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் செடியில் வளர்ச்சி ஹார்மோன்களைத் தெளித்து, எந்த மரபணுக்கள் விழிக்கின்றன என்று தேடினார்கள். சில மரபணுக்கள் அமர்க்களமாக விழித்தன. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் தெளித்த செடிகளிலும் அதே அமர்க்களம்! அப்புறம்தான் புரிந்தது, காரணம் ஹார்மோன் இல்லை, செடி ஆடியதுதான். கையால் தொட்டாலும், காற்று வீசினாலும், அரை மணி நேரத்துக்குள் அந்த மரபணுக்களின் செயல்பாடு 100 மடங்குவரை எகிறியது. 1990-இல் இது வெளியானது. 'செடியைத் தொட்டால் என்ன ஆகும்' என்று நேராக எழுதிக் கேட்டிருந்தால் ஆராய்ச்சிக்குப் பணம் தரும் எந்தக் குழு கொடுத்திருக்கும்? பயன் என்ன என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லும் விண்ணப்பப் படிவங்கள் மேல் எனக்கு அதனால்தான் தீராத கோபம்.

தண்டு வளையும்போது செல்லின் சவ்வு இழுபடுகிறது. உடனே செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் கால்மோடுலின் என்ற புரதத்தை உண்டாக்குவது, அப்படி விழித்த மரபணுக்களில் ஒன்று. இன்னொன்று உண்டாக்கும் நொதி செல்சுவரின் இழைகளை வெட்டி, வேறு இடத்தில் ஒட்டவைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: கட்டிடம் நிற்கும்போதே சுவரைப் பிரித்துக் கட்டும் கொத்தனார் அது. இப்படி அடிக்கடி அசைக்கப்படும் செடி உயரத்தைக் குறைத்துக்கொண்டு, உறுதியான, குட்டையான தண்டோடு வளர்கிறது.

சரி, வாசகர் என்ன செய்யலாம்? பாட்டிலைத் தினமும் கொஞ்ச நேரம் எடுத்து வைத்து, ஒரு வாரம் பத்து நாளில் அந்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். காற்றே இல்லாத மூலை என்றால், பழைய அட்டைத் துண்டால் நாற்றுகளின் உச்சியை மெல்ல வருடிவிடலாம். இலை ஈரமாக இருக்கும்போது மட்டும் வேண்டாம், நோய் ஒரு நாற்றிலிருந்து அடுத்ததற்குப் போய்விடும்.