பிள்ளைத்தாச்சிக்கு உரிய திரிபோஷாவும் போஷாக்கு வவுச்சரும்

நாள் தள்ளிப்போனது தெரிந்தும், "மூன்று மாதம் போகட்டும், கண்ணூறு படும்" என்று வாய் திறக்காமல் இருப்பது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இன்னும் உள்ள வழக்கம். ஊருக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தருக்கு, அதாவது நாம் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடுகிறவருக்கு, உடனே சொல்லிவிடுங்கள். 8 வாரம் முடியுமுன் பதிய வேண்டும் என்பதே சுகாதாரத் திணைக்களத்தின் நடைமுறை. அரசாங்கம் தருகிற எல்லாமே அந்தப் பதிவிலிருந்துதான் தொடங்கும்.

பிந்தினால் முதலில் தவறிப்போவது போலிக் அமிலக் குளிசை. பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகிற குழாய் கரு தங்கி 28 நாளளவில் மூடிவிடும்; அது சரியாக மூடவே போலிக் அமிலம் தேவை. புதிதாகக் கலியாணம் முடித்த பெண்களுக்கும் இந்தக் குளிசையைக் கொடுப்பது அதனால்தான்.

பதிந்ததும் கர்ப்பிணித் தாய் அட்டை கையில் வரும். வயல் வாடிக்குப் போனாலும் சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும் அது கூடவே இருக்கட்டும்.

அடுத்தது திரிபோஷா. 1973 முதல் இலங்கையில் கொடுபடுகிறது. சோளன், சோயா, பால்மா ஆகியவற்றோடு விற்றமினும் கனியுப்பும் சேர்ந்த மா. கர்ப்பிணிக்கு மாதம் 750 கிராம் பைக்கற் 2. பிள்ளை பிறந்து 6 மாதம் வரை பாலூட்டும் தாய்க்கும் அதே அளவு. காசு இல்லை. சமுர்த்தி, அஸ்வெசும போன்ற அரச நிவாரண உதவிப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்றும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு நாளுக்கு 50 கிராம், ஒரு பைக்கற் 15 நாளுக்கு. 2 பைக்கற்றும் சரியாக ஒரு ஆளுக்கு ஒரு மாதம். மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு வீட்டில் பார்த்தேன்: கிளினிக்கில் இருந்து கொண்டுவந்த பைக்கற்றை அன்றைக்கே உடைத்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து, பெரிய தட்டில் உருண்டை உருண்டையாய் அடுக்கினார்கள். நாலு பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். பிள்ளைத்தாச்சிக்குக் கிடைத்தது ஒன்று. "பிள்ளைகள் கேட்டா எப்படி மனே மறைக்கிற?" என்றார் அவளின் அம்மா. அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. ஆனால் எடை குறைந்த சின்னப் பிள்ளைகளுக்கென்று தனியாகத் திரிபோஷா கொடுக்கும் திட்டம் உண்டு. உங்கள் பிள்ளைக்குக் கிடைக்குமா என்று மிஸ்ஸிடம் கேளுங்கள், கிடைத்தால் தாயின் பங்கில் கை வைக்க வேண்டி வராது. மா ஏற்கெனவே வெந்தது, அடுப்பில் வைக்கத் தேவையில்லை. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் பிசைந்து, பைக்கற்றை ஈரம் படாமல் மூடி வையுங்கள்.

போஷாக்கு வவுச்சர் வேறு திட்டம். 2015இல் மாதம் 2,000 ரூபாய் வீதம் 10 மாதத்துக்கு 20,000 என்று தொடங்கியது. பிறகு தொகை கூட்டப்பட்டது. இது காசாகக் கையில் வராது, உணவுப் பொருளாக எடுக்க வேண்டும். பெயர் விவரம் கிளினிக் வழியாகவும் பிரதேச செயலகம் வழியாகவும் போகிறது. உங்களோடு பதிந்தவர்களுக்குக் கிடைத்து உங்களுக்கு வராவிட்டால் பேசாமல் இருக்காதீர்கள். கர்ப்பிணித் தாய் அட்டையையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு செயலகத்துக்குப் போய்ப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பயறு, பருப்பு, கடலை, நெத்தலி, முட்டை போன்றவற்றுக்கே அந்தத் தொகையைச் செலவழிப்பது நல்லது. முருங்கையிலையும் பொன்னாங்காணியும் வேலியோரத்தில் இருக்கிறது, களப்பு மீன் சந்தையில் இருக்கிறது. இறாலும் கணவாயும் கிரந்தி, அதாவது சொறி, புண் வரச் செய்யும் என்று நன்றாக வெந்த கறியையும் விலக்கிவிட்டு வெறும் ரசமும் சோறுமாக ஒரு பெண்ணை வைத்திருப்பதைக் காண மனம் பொறுக்காது.

கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்துக் குளிசையையும் கல்சியம் குளிசையையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. ஒன்று காலை என்றால் மற்றது இரவு. இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். தேசிக்காய்த் தண்ணி நல்லது. மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயந்து நிறுத்தாதீர்கள். வயிற்றைப் பிரட்டினால் மிஸ்ஸிடம் சொன்னால் நேரத்தை மாற்றித் தருவார்.