மோட்டாரைப் பூட்டும் முன் சைக்கிளைப் பாருங்கள்

"ஏனுங்கண்ணா, எத்தனை ஹெச்.பி. வருமுங்க?" பேட்டரியில் ஓடும் மோட்டாரைப் பூட்டச் சொல்லிப் பட்டறைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்பதில் தப்பில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் கிணற்று மோட்டார், தெருவுக்குத் தெரு வைண்டிங் கடையும் லேத் பட்டறையும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மோட்டார் என்றால் நமக்குப் பயம் கிடையாது. அந்தத் தைரியம்தான் சைக்கிள் விஷயத்தில் கண்ணை மறைக்கிறது. எல்லாரும் மோட்டாரைப் பார்க்கிறார்கள், அதைத் தாங்கப்போகிற சைக்கிளை யாரும் பார்ப்பதில்லை.

கேள்விக்குப் பதில்: 250 வாட். ஹெச்.பி. கணக்கில் மூன்றில் ஒரு பங்கு. சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடும். ஆனால் நல்ல தெம்பான ஆள் விடாமல் மிதித்தால் தரக்கூடிய சக்தி சுமார் 75 முதல் 100 வாட்தான். உங்களோடு சேர்ந்து இன்னும் இரண்டு மூன்று பேர் மிதிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளுக்கு அது தாராளம்.

நான் இங்கே சொல்லப்போவது மிட் டிரைவ் பற்றி. பெடல் அச்சு இருக்கும் இடத்தில், அதாவது பி.பி. கூட்டில் பூட்டும் மோட்டார் அது. பழைய அச்சையும் அதைத் தாங்கும் கப்பையும் கழற்றிவிட்டு இதை உள்ளே நுழைப்போம். மோட்டார் சக்கரத்தை நேராகச் சுற்றாது, செயினை இழுக்கும். அதனால் பின்சக்கரத்தில் இருக்கும் கியர் அத்தனையும் மோட்டாருக்கும் பயன்படும். மருதமலை ஏற்றத்தில் சின்ன கியரில் போட்டால் அலட்டிக்கொள்ளாமல் ஏறும். இதன் பலமே அதுதான்.

கியர் இல்லாத சைக்கிளுக்கு இந்தப் பலனில் பாதிகூடக் கிடைக்காது. பல்லடத்திலிருந்து திருப்பூருக்குக் கம்பெனி வேலைக்குப் போய்வருகிறவருக்குப் பெரிய மேடு ஒன்றும் கிடையாது. அவருக்குப் பின்சக்கரத்தில் பூட்டும் ஹப் மோட்டாரே போதும், செலவும் குறைவு. கியர் சைக்கிள் இருந்து, மேடும் இருந்தால் மட்டும் மிட் டிரைவ் பக்கம் வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

சரி, கியர் சைக்கிள் இருக்கிறது. முதலில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, பி.பி. கூட்டைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். அன்னூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். சொசைட்டிக்குப் பால் கேன் கட்டிப்போகிற சைக்கிள். மகன் ஆன்லைனில் 750 வாட் மோட்டார் கிட் வாங்கிக் கொடுத்திருந்தார். கூட்டில் அப்பியிருந்த கிரீஸையும் மண்ணையும் சுரண்டியதும், செயின் பக்கத்துக் குழாய் கூட்டோடு சேருமிடத்தில் பெயிண்டுக்கு அடியில் மெல்லிய துருக்கோடு ஒன்று ஓடியது. நகத்தால் கீறினால் நகம் மாட்டியது. அது விரிசல். "ஒரு வெல்டு வச்சுக் குடுத்துருங்க தம்பி, பையன் ஆசையா வாங்கிட்டானுங்க" என்றார். "வெல்டு வைக்கலாமுங்கய்யா, ஆனா சூட்டுல பக்கத்துக் குழாய் பலமிழந்துரும். மோட்டார் இழுக்கறப்ப அங்கதான் விட்டுப்போகுமுங்க" என்று சொல்லி அனுப்பினேன். கிட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு அந்தக் காசில் வேறு ஃபிரேம் பார்க்கச் சொன்னேன். முப்பது லிட்டர் பாலோடு சாலையில் ஃபிரேம் இரண்டாகப் பிரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

விரிசல் இல்லையென்றால் அளவு. பெரும்பாலான கிட்கள் 68 முதல் 73 மி.மீ. அகலமுள்ள கூட்டுக்குத்தான் பொருந்தும். கப்பைக் கழற்றி வெர்னியரில் அளந்த பிறகே ஆர்டர் போடுங்கள். காட்டர் பின் வைத்த பழைய கறுப்பு சைக்கிள், ஒரே கம்பியை வளைத்துச் செய்த கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) வரும் சைக்கிள், இவற்றில் கூடு வேறு மாதிரி இருக்கும். சுத்தியலால் தட்டி நுழைக்கிற வேலை இது இல்லை.

அடுத்தது செயின். 80 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் கிட் 46 பல் சக்கரத்தைச் சுற்றும்போது, மோட்டாரின் இழுவை மட்டுமே செயினில் 85 கிலோவுக்கு மேல் வரும். உங்கள் மிதி அதற்கு மேல் தனி. செயின் தேய்ந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஸ்டீல் ஸ்கேலை ஒரு பின்னின் நடுவில் வைத்து, அந்தப் பின்னை விட்டு எண்ணி இருபதாவது பின்னின் நடுவரை அளங்கள். புதுச் செயினில் 254 மி.மீ. இருக்கும். 256ஐ நெருங்கினால் மாற்றிவிடுங்கள், பின்பக்கப் பல்சக்கரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம், மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும்போது கியர் மாற்றக் கூடாது. கிட்டோடு வரும் பிரேக் லிவரை லேசாகத் தொட்டாலே மோட்டார் நிற்கும். நின்றதும் மாற்றுங்கள். டாப் கியரிலேயே மேடு ஏறுவதும் கூடாது. மோட்டார் மெதுவாகத் திணறிச் சுற்றும்போது கரண்ட் எல்லாம் சூடாகத்தான் போகும். சில கிட்களின் உள்ளே நைலான் பல்சக்கரம் இருக்கிறது, அந்தச் சூட்டில் அதுதான் முதலில் போகும்.

பிரேக்கைப் பற்றி நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மிதித்து 15 கி.மீ. வேகத்தில் போன சைக்கிள் இப்போது 25இல் போகும். வேகம் ஒன்றே முக்கால் மடங்குகூடக் கூடவில்லை, ஆனால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் 2.8 மடங்கு. பழைய கம்பி பிரேக்கில் மழை நாளில் இதை நிறுத்த முடியாது. டிஸ்க் அல்லது நல்ல வி-பிரேக், புதுக் கட்டை, புது ஒயர், கோட்டம் எடுத்த ரிம், இவை இல்லாத சைக்கிளுக்கு நான் மோட்டார் பூட்டுவதில்லை. பிரேக்குக்குச் செலவு செய்யச் சொன்னால் கோபித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. போகட்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன்படி, சக்தி 250 வாட்டுக்குள், வேகம் 25 கி.மீ.க்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்து, தகுந்த பிரேக்கும் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் இருந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம். 750 வாட், கிட்டத்தட்ட ஒரு ஹெச்.பி., பூட்டினால் அது மோட்டார் வாகனம். பதிவும் இருக்காது, இன்சூரன்ஸும் இருக்காது. யார் மேலாவது மோதினால் இழப்பீடு உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும்.

இனி பேட்டரி. உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் இருப்பது 360 வாட் ஹவர். நீங்களும் மிதித்தால் கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வரை செலவாகும், ஆக 25 முதல் 35 கி.மீ. போகலாம். ஆனி, ஆடியில் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது உடுமலை, பல்லடம் பக்கம் மேற்கே பார்த்து மிதித்தவர்களுக்குத் தெரியும். 20 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே 20 கி.மீ. வேகக் காற்று வந்தால், காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிவிடும். பாதி வழியில் சார்ஜ் தீர்ந்தால் மோட்டார், பேட்டரி எடையோடு மிதித்துத்தான் வீடு சேர வேண்டும்.

விலை மலிவு என்று உள்ளூரில் கட்டிய பேட்டரி வாங்கும் முன் சில கேள்விகள் கேளுங்கள். செல் புதுசா, பழைய லேப்டாப்பில் பிரித்ததா? பி.எம்.எஸ்., அதாவது செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட், உண்டா? ரிப்பேருக்கு வந்த ஒரு பேட்டரியின் நீல உறையைக் கிழித்தால் உள்ளே பச்சை, ரோஸ், சாம்பல் என்று மூன்று நிறத்தில் செல்கள். வெவ்வேறு வயது, வெவ்வேறு கொள்ளளவு. இப்படிக் கலந்து கட்டினால் பலவீனமான செல் மற்றவற்றுக்கு முன்பே நிரம்பி, அதற்கு மேலும் சார்ஜ் ஏறிச் சூடாகும். தீப்பிடிப்பது அங்கேதான். சார்ஜரும் அதே பேட்டரிக்குரியதாக இருக்க வேண்டும். 36 வோல்ட் லித்தியம் பேட்டரி பொதுவாக 42 வோல்ட்டில் நிரம்பிவிடும். 36 வோல்ட் லெட் ஆசிட் சார்ஜர் 44 வரை ஏற்றும். பிளக் பொருந்துகிறது என்று சொருகிவிடாதீர்கள்.

எங்கே சார்ஜ் போடுகிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். தோட்டத்து மோட்டார் ரூமில் போடுகிறார்கள். அங்கே சாக்கு, தேங்காய் மட்டை, டீசல் கேன் எல்லாம் அடைந்து கிடக்கும். திருப்பூர் லைன் வீடுகளில் இருப்பது ஒரே வாசல். அந்த வாசலை ஒட்டிச் சைக்கிளை நிறுத்தி, ராத்திரி முழுக்கச் சார்ஜில் விட்டுவிட்டு உள்ளே குழந்தைகளோடு தூங்குகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பேட்டரி தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும். விழித்திருக்கும் நேரத்தில், வெயில் படாத திறந்த இடத்தில், சிமெண்டுத் தரையில் வைத்துப் போடுங்கள். வெயிலில் ஓட்டி வந்த கையோடு சொருகாமல் ஆறவிட்டுப் போடுங்கள். கீழே விழுந்து அடிபட்டது, உப்பியது, கருகல் வாடை வருவது எதையும் சார்ஜ் போடவே கூடாது. புகை கண்டால் அணைக்க நிற்காமல் ஆட்களை வெளியே கூட்டிப்போய் 101க்கோ 112க்கோ கூப்பிடுங்கள்.

பூட்டிய பிறகு இரண்டே வேலை. வாட்டர் சர்வீஸுக்கு விடாதீர்கள், அந்தப் பீய்ச்சலில் மோட்டாருக்குள் தண்ணீர் புகும், ஈரத்துணியால் துடைத்தால் போதும். இன்னொன்று, மோட்டாரைக் கூட்டோடு பிடித்திருக்கும் பெரிய லாக் நட். செயினை முன்னே இழுக்கும் ஒவ்வொரு முறையும் மோட்டார் தன் உடம்பைப் பின்னே தள்ளும், அந்தத் தள்ளலில் நட் மெல்ல இளகும். இளகியது தெரியாமல் ஓட்டினால் கூட்டின் மரை போய்விடும், அப்புறம் ஃபிரேமே வீண். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டாமல் அதற்குரிய ஸ்பானரில் இறுக்க வேண்டும். முதல் 100 கி.மீ. ஓடியதும் பூட்டிய இடத்துக்கே கொண்டு போங்கள். என் பட்டறையில் அந்த நட்டை இறுக்கக் காசு வாங்குவதில்லை.