கஸ்டடி: சொல் விளக்கம்

'கஸ்டடி' என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது போலீஸ் ஸ்டேஷன்தான். லத்தீனில் 'கஸ்டோஸ்' என்றால் காவலர். 'கஸ்டோடியா' காவலையும் குறிக்கும், சிறையிருப்பையும் குறிக்கும். நம் 'காவல்' என்ற சொல்லும் அப்படித்தான். பயிருக்கும் காவல் உண்டு, கைதிக்கும் காவல் உண்டு.

குடும்ப வழக்கில் கஸ்டடி என்பது வேறு. பிள்ளை யாருடன் இருக்கிறது, வேளைக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்புவது யார், ராத்திரியில் காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவது யார் என்பதே அதன் பொருள். கார்டியன், அதாவது பாதுகாவலர், இன்னொரு சொல். சட்டப்படி தந்தை பாதுகாவலராக இருக்கும்போதே பிள்ளை தாயின் கஸ்டடியில் இருக்கலாம்.

வீட்டில் அடி உதை இருந்தால் இந்தச் சொல்லின் கனம் கூடிவிடுகிறது. அடி தாங்காமல் வெளியேறிய பெண்ணின் பிள்ளையைக் கணவர் பள்ளி வாசலிலிருந்தே கூட்டிக்கொண்டு போய்விடுவது நம்மூரில் நடக்கிற கதை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும், 21-ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கலாம். எதிர்த்தரப்பு வந்து பார்ப்பது பிள்ளைக்குத் தீங்கு என்று தோன்றினால், அந்தச் சந்திப்பை மறுத்தே ஆக வேண்டும். பாதிக்கப்பட்டது பிள்ளையே என்றால், எதிர்த்தரப்பு அதன் பள்ளிக்குள் நுழையக் கூடாது என்று 18-ஆம் பிரிவின் பாதுகாப்பு உத்தரவில் தடை போடலாம்.

2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், தாயின் சாவு தொடர்பாகத் தந்தை மீதே குற்றவழக்கு இருந்தது. நீதிபதிகள் சிறுவனைத் தங்கள் அறைக்கு அழைத்துப் பேசினார்கள். தாய்வழித் தாத்தா பாட்டியோடு இருக்கவே ஆசை என்றான். கீழ் நீதிமன்றங்கள் அந்தக் குற்றவழக்கைக் கணக்கில் எடுக்காதது தவறு என்று சொல்லி, அவனை அவர்களிடமே விட்டார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'காவல்' போலீசை நினைவூட்டும். 'பராமரிப்பு' என்றால் ஜீவனாம்சத்தோடு குழம்பும். இலங்கைச் சட்டத் தமிழில் 'கட்டுக்காப்பு' என்பார்கள். காப்பு சரி, கட்டு எனக்கு உறுத்துகிறது. 'பிள்ளைப் பொறுப்பு' என்பதே என் தேர்வு. 21-ஆம் பிரிவில் வருவது 'தற்காலிகப் பிள்ளைப் பொறுப்பு'. மனு எழுதும்போது பாதுகாப்பு உத்தரவோடு நிறுத்திவிடாமல், இதையும் தனியாகக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.