நான்கு மணி நேரப் படப்பிடிப்பும் பதினெட்டு மணி நேர வேலையும்

சிங்கப்பூரின் ஈசூனில் நடக்கவிருந்த ஒரு வளைகாப்பைப் படமெடுக்க, தனியாகத் தொழில் செய்யும் புகைப்படக்காரனான நான் 500 வெள்ளி கேட்டபோது, பெண்ணின் பெரியம்மா, "நாலு மணி நேரந்தானே தம்பி, நம்ம பிள்ளைதானே நீங்க, பார்த்துச் சொல்லுங்க" என்றார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. எங்கள் தொழிலில் அடுத்தவர் கண்ணுக்குத் தெரிவது அந்த நான்கு மணி நேரம் மட்டுமே. மீதியை எடுத்துச் சொல்லாதது நம் தவறு.

அன்றிரவே கணக்கை எழுதிப் பார்த்தேன். படமெடுக்க 4 மணி நேரம், போக வர, விளக்குகளைப் பொருத்திக் கழற்ற 2, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களிலிருந்து பொறுக்கியெடுத்து நிறம் திருத்த 11, பேச்சுவார்த்தைக்கும் கோப்புகளை அனுப்பவும் 1 என மொத்தம் 18 மணி நேரம். டாக்சிச் செலவு 50 வெள்ளியைக் கழித்தால் மணிக்கு 25 வெள்ளி நிற்கிறது. கேமராவின் தேய்மானம், மென்பொருள் சந்தா, நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் சுயதொழில் செய்பவர் கட்டியே ஆகவேண்டிய மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புத் தொகை எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். முதலாளி தரும் மத்திய சேமநிதிப் பங்கும் மருத்துவ விடுப்பும் நமக்கு இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலையே இருக்காது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஒற்றைத் தொகையைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதை நான் நிறுத்திவிட்டேன். எத்தனை மணி நேரம், எத்தனை திருத்திய படங்கள், எந்தத் தேதிக்குள், எவ்வளவு முன்பணம், படங்களை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் ஆகிய ஐந்தையும் எழுதி அனுப்பி, 'சம்மதம்' என்ற பதில் வந்த பிறகே நாளைக் குறித்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் வந்த பதிலாக இருந்தாலும் அது பின்னாளில் சான்றாக உதவும்.

இந்த ஐந்தில் கடைசியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன். உணவுப் பட்டியலுக்காக ஓர் உணவகத்துக்கு எடுத்துக் கொடுத்த படங்கள், சில மாதங்களில் அவர்களுடைய இரண்டாவது கிளையின் வாசலில் ஆளுயரப் பலகையாக நின்றன. பழைய சட்டத்தில், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே பொதுவாகப் பதிப்புரிமை போய்ச் சேர்ந்தது. 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாதவரை, இப்படி எடுக்கப்படும் படத்தின் முதல் உரிமையாளர் படமெடுத்தவரே. ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்து எடுத்த படம் மட்டும் பொதுவாக அந்த நிறுவனத்துக்குச் சேரும். ஆனாலும் எந்தப் பயன்பாட்டுக்கு எவ்வளவு என்று எழுத்தில் எதுவும் இல்லாததால், கூடுதல் கட்டணத்துக்கு மூன்று வாரம் வாதாட வேண்டியிருந்தது. எதையும் படிக்காமல் 'எல்லா உரிமைகளையும் ஒப்படைக்கிறேன்' என்ற வரியின் கீழ் கையெழுத்திட்டால் சட்டம் தந்த பாதுகாப்பும் போய்விடும். அந்த வரி அவர்களுக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் அதற்கெனத் தனி விலை சொல்லுங்கள்.

வேலை முடிந்தும் பணம் வராவிட்டால், தேதி குறித்த நினைவூட்டல் ஒன்றை முதலில் அனுப்புங்கள். அடுத்து, வேலை தொடர்பான தகராறுகளைப் பேசித் தீர்க்க உதவும் சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் சமரசப் பேச்சு கேட்கலாம், எதிர்த்தரப்பும் வரச் சம்மதித்தால். இல்லையேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை கோரலாம். அங்கு வழக்கறிஞர் வாதாட முடியாது என்பதால் பெரிய நிறுவனமானாலும் நம்மைப்போலவே தானே வந்து பேச வேண்டும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போய்விட வேண்டும்.

வளைகாப்பு விஷயத்தில் நான் கட்டணத்தைக் குறைக்கவில்லை, வேலையைக் குறைக்கலாம் என்றேன். பட்டியலைப் படித்த பெரியம்மா, சடங்கு நடக்கும் இரண்டரை மணி நேரத்துக்கு மட்டும் வரச் சொன்னார். பந்தியைப் பிள்ளைகள் கைப்பேசியில் எடுத்துக்கொள்வார்களாம். 350 வெள்ளிக்குப் பேசி முடித்தோம். பாதித் தொகை மறுநாள் காலையே பேநவ் மின்பணப் பரிமாற்றம் வழியாக வந்துவிட்டது.